கண்ணளவுக்காரர் செய்த செடிச் சட்டம்

என் அக்கா வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், பெட்டிக் கடை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். பொய் ஒன்றும் இல்லை, பெட்டி செய்கிற கடைதான். பிஸ்கட்டும் சோப்பும் தொங்குகிற கடை என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய? என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தி, அந்த வழியாகத்தான் போகிறேன், உங்கள் அத்தான் கடையில் ஒரு சோடா குடித்துக்கொள்கிறேன் என்று போனாள். வாசலில் சாத்தி வைத்திருந்த சவப்பெட்டி மூடியைப் பார்த்துவிட்டு வந்தவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அத்தானுக்கு முப்பத்தாறு வருஷமாக அதுதான் தொழில். கடைத்தெருவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணளவுக்காரர் என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். அவர் யாரையும் டேப் வைத்து அளந்ததில்லை. சாவு வீட்டுக்குப் போவார், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஓரமாக நிற்பார், ஒரு நிமிஷம் பார்ப்பார், வந்த வழியே திரும்பிவிடுவார். பெட்டி வந்து இறங்கும்போது தலைமாட்டில் இரண்டு விரல் இடைவெளி, கால்மாட்டில் இரண்டு விரல், தோளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதற்கு மேல் கூடாது, குறையவும் செய்யாது. அழுதுகொண்டிருப்பவர்கள்கூட ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு அதைக் கவனிப்பார்கள்.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஊருக்குள் நடமாடுவது லேசான காரியமில்லை. பேருந்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் கையில் இருக்கிற பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். முடிவெட்டும் கடைக்காரர் அவருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க மாட்டார், கூனிக்கொண்டேதான் வெட்டுவார். என் வீட்டுக்காரர் ஆளைக் கண்டாலே நாற்காலியைத் தேடுவார். கல்யாணமான புதிதில் ஆறு மாசம் அக்கா கால் நீட்டிப் படுத்ததே இல்லையாம். அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எனக்கு மட்டும் அவரிடம் பயம் கிடையாது. கொழுந்தியாளுக்கு எதற்குப் பயம்? வேண்டுமென்றே அவர் முன்னால் போய் விறைப்பாக நின்று, "அத்தான், என் அளவு என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்பேன்.

"உனக்கு என்ன அவசரம்? நீ இன்னும் குண்டாவே. அப்புறம் சொல்றேன்" என்பார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பார். குள்ளமான ஆள், வற்றலான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். இழைத்த மரத்தின் வாசனை அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை.

தொழிலில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஆர்டர் வராமல் பெட்டியைக் கூட்ட மாட்டார். பலகை அறுப்பார், இழைப்பார், அளவுவாரியாகச் சுவரோரம் அடுக்கி வைப்பார். ஆனால் நாலு மூலையையும் சேர்த்து ஆணி அடிக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் போயிருக்க வேண்டும். எதிர் வரிசையில் இன்னொரு கடைக்காரர் செருப்புக் கடை மாதிரி அளவுக்கு அளவு ரெடிமேடாக அடுக்கி வைத்திருக்கிறாரே, நீங்களும் வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கூட்டி வெச்சுட்டா அது ஆளத் தேடும்மா" என்றார். விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

அந்த மனுஷனிடம் போய் அக்கா செடி வைக்க ஒரு சட்டம் செய்து தரச் சொன்னாள்.

அக்கா மகளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பெரிய கோளாறு ஒன்றும் இல்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷனுக்கு ஒரு வியாழக்கிழமை நாள் குறித்துவிட்டார்கள். கல்யாணமாகி அதே வீட்டு மாடியில் புருஷனோடு இருக்கிற பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரண்டு வாரம் படி ஏறக் கூடாது என்பதால் கீழே பின்பக்க அறையில் கட்டில் போட ஏற்பாடு. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் கொல்லைப்புறம் தெரியும். கொல்லை என்று பெயர்தானே தவிர, நாலு எட்டு நீளமும் இரண்டரை எட்டு அகலமும் உள்ள சிமெண்டுத் தரை. ஒரு துவைகல், ஒரு குழாய், குறுக்கே ஒரு கொடிக்கயிறு. அந்தக் கயிற்றை அத்தான் ஏனோ அவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறார். அக்கா முக்காலி போட்டு ஏறித்தான் துணி காயப்போடுவாள், தினமும் அதற்காக அவரைத் திட்டுவாள். கயிற்றுக்கு அப்பால் பின்வீட்டுக்காரரின் ஒன்பதடிச் சுவர். பாசி படிந்து, ஈரம் ஊறி, பார்க்கவே மனசு கனக்கிற சுவர்.

"புள்ள கண்ண முழிச்சா பச்சையா ஏதாவது தெரியணுங்க" என்றாள் அக்கா.

பின்வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டோம். "என் செவுத்துல ஒரு ஆணி விழக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதனால்தான் சுவரில் சாயாமல், ஆணியும் இல்லாமல், தன் காலிலேயே நிற்கிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. அக்கா காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் கொடுத்தாள். ஏணி மாதிரி இரண்டு நிலைச்சட்டம், ஐந்தடி உயரம், மூன்றடி அகலம். ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து நீளத் தொட்டி, ஐந்தும் ஒரே அளவு. பின்னால் முட்டுக்கொடுக்க இரண்டு கால். கடையிலிருந்து ஒரு சிராய்கூட வரக் கூடாது, எல்லாம் புது மரமாக வாங்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டு, மரக்கடைக்கு என்னையும் காவலுக்கு அனுப்பி வைத்தாள்.

ஆறு நாள் வேலை. அத்தான் கடையிலிருந்து நாலு மணிக்கு வந்துவிடுவார். கைகால் கழுவி, காபி குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போனால், வெளிச்சம் போகிறவரை அறுப்பதும் இழைப்பதுமாக இருப்பார். நானும் அந்த வாரம் லீவு போட்டுவிட்டு அக்காவுக்கு ஒத்தாசையாக அங்கேதான் இருந்தேன். அவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். தொட்டிகளின் அடியில் தண்ணீர் வடியத் துளை போட்டார். மரம் ஊறிப்போகாமல் உள்ளே தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்தார். கால்கள் தரை ஈரத்தில் படாதபடி அடியில் கல் துண்டுகள் வைத்தார். மண் நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. அக்காவின் படத்தை எதிரே ஒரு கல்லை வைத்து விரித்திருந்தார். ஆனால் ஒவ்வொரு பலகையை அறுப்பதற்கு முன்னாலும் தாளைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து சுவரைத்தான் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, கீழேயிருந்து மேலே ஒரு பார்வை, இடமிருந்து வலம் ஒரு பார்வை. அப்புறம் ரம்பத்தை எடுப்பார். சாவு வீட்டு வாசலில் நின்று அவர் இப்படிப் பார்ப்பதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். வெறும் சுவரில் அப்படி என்ன இருக்கிறது? நானும் எட்டிப் பார்த்தேன். பாசிதான் இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினார். சுவருக்கும் அதன் முட்டுக் கால்களுக்கும் நாலு விரல் இடைவெளி. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கை துடைத்துக்கொண்டே வந்த அக்கா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். உயரம் கூடிப்போய்விட்டதே என்று சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் தொட்டி தொட்டியாக மேலிருந்து கீழே இறங்கியது.

அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. ஐந்து தொட்டியும் ஒரே அளவு இல்லை. மேல் தொட்டி சின்னது. இரண்டாவது நல்ல அகலம். அதிலிருந்து கீழே வர வரக் குறுகிக்கொண்டே போய், கடைசித் தொட்டி ஒரு முழம்கூடத் தேறாது. தனியாக நிற்கிற சாமானுக்கு அடிதான் அகலமாக இருக்க வேண்டும் என்று மரவேலை தெரியாத எனக்கே தெரியும். முப்பத்தாறு வருஷம் மரத்தோடு கிடந்தவர் அடியைக் குறுக்கிவிட்டு, அது விழாமல் இருக்கப் பின்னால் நாலு முட்டுக் கால் கொடுத்திருந்தார். மேற்கே இறங்கிய வெயில் அதன் நிழலைச் சுவரில் போட்டது. தலை, தோள், இடுப்பு, கால். ஒரு ஆள் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்து நிற்கிற மாதிரியே இருந்தது.

அத்தான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "நாளைக்கு மண்ணு போட்டுடலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அது செடிக்குச் செஞ்சது இல்லடி. யாரோ ஒருத்தர் அளவு."

"சும்மா இரு அக்கா. கைப்பழக்கம், அதான் அப்படி வந்திருக்கு."

"கைப்பழக்கம்னாலும் யாராவது ஒருத்தர் அளவுலதானே வரும்? ஆர்டர் இல்லாம பொட்டி கூட்டாத மனுஷன் கூட்டி நிறுத்தியிருக்காரு. அதுவும் நல்ல உயரம். எங்க ரெண்டு பேர விடவும் உயரமா, ஆஸ்பத்திரிக்குப் போற ஆளு இந்த வீட்ல யாரு?"

அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மாடியில் மகள் போனில் யாரோடோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

மகள் கண்ணில் அது படக் கூடாது என்று மறுநாள் காலையிலேயே அக்கா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து அதன் மேல் போர்த்திவிட்டாள். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறில்லை. போர்த்தாத வரைக்கும் மரச்சட்டமாகவாவது இருந்தது. போர்த்திய பிறகு மரம் எங்கே தெரிகிறது? பதினோரு மணிக்குப் பின்வீட்டுக்காரர் மொட்டை மாடியிலிருந்து குனிந்து, "யாரும்மா அது, காலையிலேருந்து அங்கயே நிக்கிறாரு?" என்று கேட்டார். அக்கா விறுவிறுவென்று உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். வாங்கி வைத்திருந்த மண் மூட்டையும் புதினாக் கன்றும் அப்படியே கிடந்தன. அத்தானிடம், இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் எதற்குத்தான் ஏன் என்று கேட்டார்?

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகளைப் பார்க்கும்போதெல்லாம் கண் தளும்பியது. சும்மா பயந்து சாவதைவிட அளந்தே பார்த்துவிடலாம் என்று நான்தான் டேப்பை எடுத்தேன். முதலில் சட்டத்தை அளந்தேன். உள் உயரம் ஆறடி ஒரு அங்குலம். தலைக்கு இரண்டு விரல், காலுக்கு இரண்டு விரல் கழித்தால் ஐந்தடி பத்து. இரண்டாவது தொட்டியில் பக்கத்துக்கு ஒரு விரல் கழித்தால் தோள் பத்தொன்பதரை அங்குலம். மத்தியானம் மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது பூனை மாதிரிப் போய் அவளை அளந்தேன். உயிரோடு தூங்குகிற பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை டேப் வைத்து அளப்பது எவ்வளவு அசிங்கமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. தோளுக்கு வந்தபோது விழித்துவிட்டாள்.

"என்ன சித்தி பண்றீங்க?"

"உனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கலாம்னு."

"நான் எப்ப சித்தி ஜாக்கெட் போட்டேன்? அப்பா தொழில நீங்க எடுத்துக்கிட்டீங்களா?" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தடி ஐந்து. தோள் பதினைந்து. அளவுக்குக் கிட்டேகூட வரவில்லை. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு முகம் தெளியவில்லை. "உயிர் போனா உடம்பு நீளும்டி, அவரே சொல்லியிருக்காரு" என்றாள்.

"அஞ்சு அங்குலமா நீளும்? பைத்தியமா உனக்கு?"

அக்கா மருமகன் ஐந்தடி எட்டு, அவனும் இல்லை. அத்தான் குள்ளம். அக்காவைச் சொல்லவே வேண்டாம். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஐந்தடி பத்து யார்? என் வீட்டுக்காரர். அதுவரை அக்காவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நான், அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் மனுஷனை நிறுத்தி வைத்து டேப்பைப் போட்டேன். உயரம் சரியாக ஐந்தடி பத்து. தோள் பதினேழு. வயிறு மட்டும் அந்த மூன்றாவது தொட்டியில் பாதிதான் அடங்கும். இல்லை என்று மனசு சொன்னது. என்றாலும் ராத்திரி பூரா அவருடைய குறட்டை நின்றுவிடுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே படுத்திருந்தேன். இதில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று ஊர் பூராவும் பேசுகிறவள் நான்.

"அத்தான் கண்ணு தப்பவே தப்பாதா?" என்று மறுநாள் அக்காவிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தப்பியிருக்கிறது. ஒரே ஒரு தடவை. அக்காவுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். பெரியவன் என்று கூப்பிடுவோம். ஐந்து வயசில் இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டான். இந்தப் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயசு. இருபத்து நாலு வருஷமாகிறது. வேறு கடையில் செய்யச் சொல்லலாம் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்காமல் அத்தான் தானே உட்கார்ந்து பெட்டி செய்தார். அது பெரிதாகிவிட்டது. பிள்ளையை வைத்த பிறகு கால்மாட்டில் ஒரு சாண் இடம் சும்மா கிடந்தது. அக்கா அவனுடைய போர்வையை மடித்து அந்த இடத்தில் வைத்தாள். பெற்ற மகன், கை தடுமாறியிருக்கும், பாவம் என்று ஊர் சொன்னது. அக்கா அப்படிச் சொல்லவில்லை. "ஊர்ல இருக்கிறவன் அளவெல்லாம் தெரியுது. பெத்த புள்ள அளவு தெரியலயே இவருக்கு" என்று என்னிடம் அழுதாள். அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் அவன் படம்கூட மாட்டவில்லை. அக்காவின் மனசில் அந்த ஒரு சாண் இடம் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா சொன்னாள்: "என்னால முடியலடி. ஒடைச்சு அடுப்புல போட்டுடலாம். பொட்டி இல்லேன்னா ஆளும் தேட வேணாம்." சுத்தியலைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான். என் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்கும் ஒரு கணக்கு இருந்ததே. விரிப்பை உருவிப் போட்டோம். அக்கா இரண்டாவது தொட்டியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். நல்ல வேலைப்பாடு, லேசில் விடவில்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"அத ஒடைக்காத."

அத்தான் அன்றைக்கு மூன்றரைக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முப்பது வருஷத்தில் அவர் அக்காவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அப்ப யாருதுன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

"செடிக்குத்தான் செஞ்சேன்."

"என்கிட்ட பொய் சொல்லாதீங்க. பொட்டி பார்க்காதவளா நான்? எம்பொண்ணு நாளன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறா. அவளுக்கா செஞ்சு வெச்சிருக்கீங்க? சொல்லுங்க!"

அத்தான் அதிர்ந்துபோனார். "என்ன பேச்சு பேசற நீ? அவ அஞ்சடி அஞ்சு, தோளு பதினஞ்சு. இது எப்படி அவளுக்காகும்?"

நான் பூனை மாதிரிப் போய் எடுத்த அளவு. ஒரு நூல் பிசகாமல் அவர் வாயிலிருந்து வந்தது. என்றாலும் நான் விடவில்லை. "அப்ப எங்க வீட்டுக்காரரா? மறைக்காம சொல்லிடுங்க அத்தான்."

என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் தோள் லேசாகக் குலுங்கியது. "அவரு எங்கம்மா இதுல அடங்குவாரு?"

அக்கா சுத்தியலைக் கீழே போடவில்லை. அத்தான் துவைகல்லில் உட்கார்ந்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவன் அளவு" என்றார்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இதோடு சொல்லிவிடுகிறேன்: வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மூன்றாம் நாளே கழுத்தில் கட்டோடு பெண் வீடு வந்து சேர்ந்தாள். என் வீட்டுக்காரரும் இன்றுவரை குறட்டை விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அன்றைக்குக் கொல்லையில் நின்றபோது, அவள் பிழைத்தாள் என்ற நிம்மதி வந்த அதே நிமிஷத்தில், அதைவிட வேறு ஏதோ ஒன்று என் முதுகில் ஊர்ந்து ஏறியது.

"அவனுக்கு ஏதுங்க அளவு?" என்றாள் அக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அவன் அஞ்சு வயசுப் புள்ள."

"அப்ப அஞ்சு வயசு. இப்ப இருபத்தொம்போது ஆச்சே" என்றார் அத்தான். "நான் உன் படத்த வெச்சுக்கிட்டுத்தான் செஞ்சேன். ஆனா நிமிர்ந்தா அவன் நிக்கறான். கண்ணுல நிக்கிற அளவுதானே கைக்கு வரும்? செஞ்சு நிறுத்தின பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எங்க நிக்கறான்?"

அவர் சுவரைக் காட்டினார். "அங்கதான். சாயங்காலம் வருவான். செவுத்துல சாஞ்சுக்கிட்டு நிப்பான். நான் முகம் கழுவிக்கிட்டிருப்பேன், பார்த்துக்கிட்டு இருப்பான். மொத வருஷம் இந்தக் கொழா ஒசரந்தான் இருந்தான். பதினாறு வயசுல கொடிக்கயிறு நெத்தியில இடிச்சுது, குனிஞ்சு குனிஞ்சு வந்தான். அதான் கயித்த ஏத்திக் கட்டினேன். நீ திட்டின."

நான் கயிற்றைப் பார்த்தேன். அத்தனை வருஷம் அக்கா முக்காலி போட்டு ஏறி இறங்கிய கயிறு. அதில் அன்றைக்குத் துணி ஒன்றும் இல்லை.

"அன்னிக்கும் கை தப்பல" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டே. "எல்லாரும் தப்பிடுச்சுன்னு சொன்னாங்க, நான் ஒண்ணும் சொல்லல. வளர்ற புள்ள. பள்ளிக்கூடத்துச் சட்டைகூட நீ ஒரு அளவு பெருசாத்தானே எடுப்ப? சரியா செஞ்சா அடுத்த வருஷம் இடிக்குமேன்னு நெனச்சேன். அவ்ளோதான் நெனச்சேன்."

அக்கா அலறப் போகிறாள், அவரைப் பிடித்து உலுக்கப் போகிறாள் என்று நான் ஒரு அடி முன்னால் போனேன். அவள் சுத்தியலைத் துவைகல் மேல் வைத்தாள். சத்தம் வராமல், யாரோ பக்கத்தில் தூங்குகிற மாதிரிப் பார்த்து வைத்தாள். அப்புறம் அவர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"யாரு ஜாடை?"

"ஒன் ஜாடைதான். மூக்கு மட்டும் எங்க பக்கம்."

"மீசை வெச்சிருக்கானா?"

"நடுவுல கொஞ்ச நாள் வெச்சிருந்தான். நல்லா இல்ல. இப்ப எடுத்துட்டான்."

"ஒடம்பு?"

"ஒல்லிதான். தோளு மட்டும் நல்ல அகலம்." இரண்டாவது தொட்டியைத் தொட்டுக் காட்டினார். அக்கா தான் அடித்த இடத்தைக் கையால் தடவினாள். அங்கே மரம் லேசாக நசுங்கியிருந்தது.

"எதுவும் பேசுவானா?"

"பேச மாட்டான். நானும் பேசுறதில்ல. பேசினா போயிடுவானோன்னு ஒரு பயம்."

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் மனசில்லை. இவர் பைத்தியமா, இல்லை இத்தனை வருஷமும் நாங்கள்தான் குருடாக இருந்தோமா? சத்தம் போட்டுக் கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். பிள்ளை போன நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று இருந்தது. ஆசை.

அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவி, தலையை வாரிப் பின்னி, பீரோவில் எடுத்து வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். மணி நாலே முக்கால். வெயில் சுவரில் இறங்க ஆரம்பித்திருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கமா வருவான்?" என்று கேட்டாள்.

அத்தான் கையை நீட்டிக் காட்டினார். நான் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். நகர்ந்து வழிவிட்டேன்.